ஒப்பாரிக்குத் தாளம்

அமுலு வீட்டு டிவி ஒரு கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அதற்கு ஈடாக, வீட்டில் பேசுவதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் அதன் வழியாகக் கேட்டு, 'பட்டாபிராம் பாப்பா' என்ற பாட்டும் சிரிப்புமான தொடராக்கிக்கொள்ள அம்மா கைரேகை வைத்திருந்தாள்.

அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்த மறுவாரம், அம்மாவின் ஒப்பாரிக்கு டிவியில் பாப்பா குடத்தோடு குதித்து ஆடினாள்.

"த்தூ! எங்கம்மா அழுதா உங்களுக்குக் குத்துப்பாட்டா?" என்று அமுலு கத்தினாள்.

"வாய மூடுடி! அதையும் பாட்டாக்கி உட்டுருவானுங்க," என்றாள் அம்மா.

ஆக்கினார்கள்.

பதினாறாம் நாள் படையலில் அம்மா மறுபடி ஒப்பாரி வைத்தாள். சொந்தக்காரர்களின் கைகள் தன்னால் தாளம் போட்டன. "த்தூ! எங்கம்மா அழுதா…" என்று அப்பாவின் சொந்த அக்காவே எடுத்துக் கொடுத்தாள். அம்மா அழத்தான் பார்த்தாள். வாயில் வந்ததோ டிவி மெட்டு.

படையலில், பீடிக்கட்டுக்குப் பக்கத்தில், அப்பாவின் சென்ட்ரிங் சுத்தியல் இருந்தது. அமுலு அதை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் திரும்பினாள்.