பித்தளை என்று சொன்ன மோதிரம்

ஆகஸ்ட் வெயில் செய்ன் ஆற்றில் தகரம்போல் மினுங்குகிறது. பாலத்துச் சுவரில் சாய்ந்து ஃபெர்னான் கிழவர் வெறும் விரலைத் தடவிக்கொண்டு நிற்கிறார். கீழே கிடந்ததை எடுத்ததாகப் பித்தளை மோதிரத்தைத் தங்கம்போல் நீட்டி, "ஐயா, இது உங்களுதா?" என்று ஏமாற்றிப் பிழைக்கிற கூட்டத்தை முகர்ந்தே கண்டுபிடிக்கும் மூக்கு அவருக்கு என்று பாரிஸ் முழுக்கப் பேச்சு, கிளப்பிவிட்டவரும் அவர்தான். சற்றுமுன் ஒரு பெண் அப்படி நீட்டியதும், சுற்றுலாக்காரர்கள் பார்க்க, "பித்தளை! என்கிட்டயேவா இந்த வித்தை?" என்று பிடுங்கி ஆற்றில் வீசினார். கைதட்டினார்கள். பதிலுக்குக் கையை உயர்த்தியபோதுதான் வெறும் விரல் கண்ணில் பட்டது. போன குளிர்காலத்தில் மனைவி சொலாஞ்ச் இறந்ததிலிருந்து அவர் இளைத்துப்போனார். கல்யாண மோதிரம் விரலில் தளர்ந்துதான் கிடந்தது. இப்போது மோதிரம் விழுந்த இடத்தின்மேல் ஒரு படகு பாட்டுச் சத்தத்தோடு போகிறது. அந்தப் பெண் இன்னும் நகரவில்லை. "உள்பக்கம் ஒரு பேரு செதுக்கியிருந்துச்சு. அதச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீங்க எங்க விட்டீங்க?" என்கிறாள். "என்ன பேரு?" என்று கேட்கிறார், தெரியாதவர்போல. "சொலாஞ்ச்." கிழவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தடவ சொல்லும்மா."