காயம் எதனால்?

மேசைக்குப் பின்னால் தீயணைப்பு நிலைய அதிகாரி, எதிரே போலீஸுக்குப் போகும் காய அறிக்கையை எழுத நான், பக்கத்துப் பெஞ்சில் தண்ணீர்க் குழாய் பிடிக்கிறவர், சுவரோரம் மணல் வாளியைக் கவிழ்த்து அதன்மேல், மனைவியை மாடித் தீயில் பறிகொடுத்தவர். உள்ளே பாயப்போன அவரைக் குழாய்க்காரர்தான் இடுப்போடு பிடித்துக்கொண்டார். கூரை இடிந்து விழும்வரை விடவில்லை. குழாய்க்காரர் மணிக்கட்டில் பதிந்த பல்வரிசையிலிருந்து ரத்தம் முழங்கைக்கு வழிகிறது. “வீரனாம் வீரன்! விட்டிருந்தா அவளத் தூக்கிட்டு வந்திருப்பேன்டா!” வாளிமேல் இருப்பவர் எட்டி உதைத்த உதையில் மேசை என் நெஞ்சில் இடிக்கிறது. அவர் சுவரில் விட்டெறிந்த ஹெல்மெட் தரையில் சுழன்று அடங்குகிறது. “காயம் எதனால?” என்கிறார் அதிகாரி, குழாய்க்காரரிடம். “ஜன்னல் கண்ணாடி கிழிச்சிருச்சு சார்.” “கண்ணாடிக்குப் பல்லு முளைச்சிருக்காய்யா?” “புது மாடல் சார்.” வாளிமேல் இருப்பவர் கடித்தார் என்று எழுதினால் போலீஸ் அவரை அடைத்துவிடும்; மனைவியின் உடலை வாங்க வேறு ஆளில்லை. அதிகாரி என் பக்கம் திரும்புகிறார். “கண்ணாடின்னே எழுதுய்யா.” ‘தீயணைப்பு வீரர்’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் குழாய்க்காரர் பெயரையும், கீழே ‘கண்ணாடி’ என்றும் எழுதுகிறேன். அவர் இடது கையால் கையெழுத்துப் போடுகிறார். உறையை ஒட்டி, முத்திரை குத்தி, ஜீப் ஓட்டுநரிடம் நீட்டுகிறேன். வாளிமேல் இருப்பவர் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருக்க, ஜீப் கிளம்புகிறது.