உலோகப் பந்தியில் நவச்சாரம்

ஆய்வக மேசையில் உலோக உப்புகளுக்கு மட்டும் பந்தி போட்டிருந்தார்கள். அதில் எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று அம்மோனியம் குளோரைடு என்கிற நவச்சாரத்துக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அதற்குள் இருந்த அம்மோனியம் உலோகமே இல்லை. ஒரு நைட்ரஜனும் நாலு ஹைட்ரஜனும் கைகோத்துப் போட்ட வேஷம்.

"தள்ளி உட்காருங்கண்ணே, நானும் நம்ம ஆளுதான்" என்று பொட்டாசிய உப்பின் கரகரத்த குரலிலேயே சொல்லி, அதன் பக்கத்திலேயே இடம் பிடித்தது.

"அட, அச்சு அசல் நானேதான்!" என்று பொட்டாசிய உப்பு பூரித்தது.

பந்தியைச் சோதிக்க காஸ்டிக் சோடா வந்தார். காற்றுப்பட்டாலே வேர்த்து ஒழுகும் ஆசாமி. ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம்.

"விடுங்க மாமா, கூசுது!" என்று நவச்சாரம் நெளிந்தது. பிடித்த பிடியில் ஒரு ஹைட்ரஜன் கழன்றது. மிச்சம் அம்மோனியாவாகப் பறந்தது. மூக்கைத் துளைக்கும் நாற்றம்!

"உலோகம் எங்கேயாவது நாறுமா? ஓடுடா வெளியே!" என்று பந்தியே கத்தியது.

ஓடிய அம்மோனியா, மேசைக் கோடியில் திறந்து கிடந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஆவியில் மோதியது. இழந்த ஹைட்ரஜன் அங்கே கிடைத்தது. வெள்ளைப் புகை கிளம்பி, மறுபடி நவச்சாரமாகிப் பந்தி முழுக்கப் பொடியாய்ப் படிந்தது.

எல்லார் தலையும் வெள்ளை. "இதில் எவன்டா அவன்?" என்றார் காஸ்டிக் சோடா.

"நான் நிஜமான பொட்டாசியம்ங்க!" என்று பொட்டாசிய உப்பு அலறியது.

"அவனும் இதே குரலில்தான் சொன்னான்" என்று அதை இறுக்கிக் கட்டிப்பிடித்தார்.

அதன் தலையில் படிந்திருந்த நவச்சாரப் பொடி குப்பென்று நாறியது.