அரை நிமிஷம் பிந்திய கோப்பை

"போச்சு! இந்த விக்கெட்டும் போச்சு!" பெயின்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கைப்பேசியில் பவுலர் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

"பந்தே போடலையேங்க?" என்றாள் மனைவி.

"கீழ 'ஐயோ'ன்னு கத்துறானுங்க, கேக்கல? இன்னும் அரை நிமிஷத்துல நமக்கும் விழும் பாரு."

விழுந்தது. ஸ்டம்ப் மூன்றும் மூன்று திசையில் கிடந்தன.

அதுதான் கொடுமை. கீழே சலூனில் பெரிய டிவி. தெருவே அங்கேதான் நின்றது. மூன்றாவது மாடியில் இவர்களுக்குக் கைப்பேசிதான் கதி. அதில் எல்லாமே அரை நிமிஷம் பிந்தித்தான் வரும். நாலு, ஆறு, அவுட் எல்லாம் முதலில் சலூன்காரர் தொண்டையில் வந்துவிட்டு, பிறகுதான் திரைக்கு வந்தன. ஜன்னலைச் சாத்தினாலும் ஷட்டரைத் தட்டித் தட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

ஆட்டமோ சாதாரண ஆட்டமில்லை. உலகக் கோப்பை இறுதிப் போட்டி! கத்துக்குட்டி அணி என்று உலகமே சிரித்த நம் அணி. முதல் சுற்றோடு வந்துவிடுவார்கள் என்று ரிட்டர்ன் டிக்கெட்டைக்கூட அந்தத் தேதிக்கே எடுத்திருந்தார்களாம். இப்போது ஆறு முறை சாம்பியனான அணியைத் திணறடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பெயின்டரால் எழுந்து நிற்கக்கூட முடியாது. போன மாதம் சாரத்திலிருந்து விழுந்ததில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு.

"இருபது வருஷமா இந்த டீம் தோத்ததை எல்லாம் ஒண்ணு விடாம என் கண்ணால பாத்திருக்கேன்டி. ஜெயிக்கிறதை மட்டும் அடுத்தவன் கத்தித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று மூன்று மாடியும் இறங்கினாள்.

சலூனில் ஒருவர் பாதி ஷேவிங்கோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மீதிப் பாதியைச் செய்ய வேண்டிய சலூன்காரர் சீப்பும் கையுமாக டிவி முன் குதித்துக்கொண்டிருந்தார்.

"ஏன்ப்பா, கொஞ்சம் சத்தம் போடாம பாக்கக் கூடாதா? மேல அவருக்கு எல்லாமே முன்னாடியே தெரிஞ்சு போயிடுது. மனுஷன் அழாத குறை."

"சத்தம் போடாம பாக்க இது என்ன செஸ்ஸாக்கா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அண்ணன் காதுல பஞ்சை வைங்கக்கா!" என்று எவனோ ஒருவன் எடுத்துக் கொடுத்தான்.

"என் வாயையே என்னால அடக்க முடியல. இத்தனை பேர் வாயை நான் எப்படி அடக்குறது?" என்றபடி சலூன்காரர் மறுபடி டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

மூக்குடைபட்டு மேலே வந்தாள். "ஈவிரக்கம் இல்லாத மனுஷன்! இனிமே அவன் கடையில தலையைக் குடுத்தீங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

"உஷ்! கடைசி ஓவர்!"

பதினோரு ரன் வேண்டும். கையில் ஒரே விக்கெட். முதல் பந்து வீண். கீழே "ஐயோ!" அடுத்தது நாலு. கீழே ஷட்டர் அதிர்ந்தது. ஒன்று, இரண்டு, ஒன்று என்று ஐந்து பந்தும் முதலில் காதுக்கும் பிறகு கண்ணுக்குமாக வந்து சேர்ந்தன.

கடைசிப் பந்து. மூன்று ரன் பாக்கி. மட்டை பிடிப்பதோ பதினோராவது ஆள். இந்த ஓவருக்கு முன்னால் தொடர் முழுக்க மொத்தமே நாலு ரன் அடித்த புண்ணியவான்.

திரையில் கேப்டன் ஃபீல்டர்களை மாற்றி மாற்றி நிறுத்திக்கொண்டிருந்தார். பெயின்டர் காதைத் தீட்டிக்கொண்டார்.

கீழே சத்தமில்லை. ஒரு விசில்கூட இல்லை. தெருவே செத்துப்போன மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதுடி" என்றார். "ஜெயிச்சிருந்தா இந்நேரம் ஷட்டர் பிஞ்சிருக்கும்."

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் அதை வெடுக்கென்று எடுத்தாள். "தோத்தா தோத்துட்டுப் போகட்டும். இருபது வருஷம் பாத்தீங்க, இந்த ஒரு பந்தையும் பாத்துடுங்க." திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பவுலர் ஓடி வந்தார். பதினோராவது ஆள் கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். பந்து மேலே, மேலே போனது. எல்லைக்கோட்டில் ஃபீல்டர் தாவினார். விரலில் பட்டது... நழுவியது... கோட்டைத் தாண்டி உருண்டது!

பெயின்டருக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே இன்னும் சத்தமே இல்லையே?

"ஏய்... இது நிஜமாடி?"

திரையில் வீரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டுகொண்டிருந்தார்கள்.

"ஜெயிச்சுட்டோம்! ஜெயிச்சுட்டோம்டி! என் கண்ணால பாத்துட்டேன்!" மாவுக்கட்டுக் காலோடு கட்டிலே குலுங்கியது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவளும் அழுதாள், சிரித்தாள்.

அந்தத் தெருவுக்கு என்னதான் ஆச்சு? ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள்.

கீழே நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூட டிவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் மூன்றாவது மாடியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வாயில் துண்டைத் திணித்திருந்தார்கள். ஒருவன் வாயை இன்னொருவன் பொத்தியிருந்தான். பாதி ஷேவிங்காரர் நுரையோடு, கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் கடித்துக்கொண்டு நின்றார். எல்லார் கண்ணிலும் தண்ணீர்.

நடுவில் ஒரு ஸ்டூல் மேல் சலூன்காரர், அத்தனை பேரையும் இரண்டு கையாலும் அடக்கியபடி நின்றிருந்தார். ஜன்னலில் இவளைக் கண்டதும் கேட்டார்:

"அண்ணன் பாத்துட்டாராக்கா? இப்ப நாங்க கத்தலாமா?"