எட்டாவது ஆய்வு

படபடவென்று கைதட்டல்.

மருத்துவக் கருத்தரங்கின் பின்வரிசையில் இருந்த அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

மேடைத் திரையில் ஏழு ஆய்வுகளின் பெயர்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலை ஒரு புது மாத்திரை குறைக்கிறது என்று ஏழும் அடித்துச் சொல்லின.

இதுவரை நடந்த ஆய்வுகள் அத்தனையையும் சலித்துத் தொகுத்துவிட்டோம் என்றார் மேடையிலிருந்த இளம் டாக்டர். அடுத்த மாதம் முதல் மாவட்டம் முழுக்க இதையே கொடுக்கப் போகிறார்களாம்.

அவள் மேலிருந்து கீழாக எண்ணினாள். கீழிருந்து மேலாக எண்ணினாள்.

ஏழுதான்.

எட்டாவது எங்கே?

அவள் நர்ஸாக இருந்து பார்த்துக்கொண்ட ஆய்வு அது. இரண்டு வருஷம். நூற்று நாற்பது பேர். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று அவளுக்கே தெரியாது. கடைசி நாளில்தான் அந்த விவரம் எழுதி ஒட்டியிருந்த உறைகளைப் பிரித்தார்கள்.

மாத்திரைக்கும் மாவுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இல்லை, ஒன்று இருந்தது. தலைசுற்றி விழுந்த பதினோரு பேரும் மாத்திரை சாப்பிட்டவர்கள்.

அதில் ஒருத்தி காணிக்கைமேரி. மாதாமாதம் வெறும் வயிற்றோடு இரண்டு பஸ் மாறி வருவாள். ரத்தம் எடுக்க நரம்பு அகப்படாமல் மூன்று தடவை குத்தினாலும் முகம் சுளிக்க மாட்டாள். நாலு பேருக்கு உபயோகப்படும்னா எடுத்துக்க தாயி என்பாள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்த பிறகும் அதையேதான் சொன்னாள்.

அறிக்கை எப்போதோ அச்சுக்குப் போயிருக்கும் என்றுதான் நர்ஸ் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

எழுந்தாள். மைக் வரும்வரை காத்திருக்கவில்லை. எங்கள் ஆய்வு ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டாள். நூற்று நாற்பது பேர் என்றாள். பதினோரு பேர் விழுந்தார்கள் என்றாள்.

கைதட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அது எந்த மருத்துவ இதழில் வந்தது என்று இளம் டாக்டர் பணிவாகவே விசாரித்தார். அச்சில் வராத ஒன்றை அவர் எங்கே போய்த் தேடுவார்?

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். ஆய்வுக்குத் தலைமை வகித்த டாக்டர் சேதுமாதவன் அங்கேதான் இருந்தார், தோளில் சற்றுமுன் போர்த்திய பொன்னாடையோடு.

அவர் திரும்பினார். விவரம் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார்.

"மருந்து வேலை செஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேனா, சிஸ்டர்?"