பின்வாங்கிய கம்பம்

“தனியாவே போய் ரொட்டி வாங்கிட்டு வந்துட்டேன்!”

வாசலிலிருந்தே கத்தினார் ரேடியோ மெக்கானிக். கையில் புது எலெக்ட்ரானிக் கைத்தடி. பார்வை போன எட்டு வருடத்தில், மனைவியின் தோளைப் பிடிக்காமல் அவர் தெருவில் நடந்தது இதுதான் முதல் தடவை.

“நான் இந்த வாசலை விட்டு நகரலீங்க. உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னேன்,” என்றாள் மனைவி, மூச்சு வாங்க.

“எதிர்ல எது இருந்தாலும் பத்தடியிலயே தடி அதிருதுடி! சைக்கிள், குப்பைத்தொட்டி எல்லாத்தையும் சுத்திப் போனேன். ஒரு அதிசயம் கேளு. கடை வாசல்ல சும்மா பின்னால திரும்பினேன். தடி அதிர்ந்துச்சு. கம்பம்னு நினைச்சு ஓரடி கிட்டப் போனேன். அதிர்வு கூடணும்ல? நின்னே போச்சு! கம்பம் பின்வாங்குது!”

“கம்பம் எங்கயாவது நடக்குமா? தடியிலதான் கோளாறு. திருப்பிக் குடுத்துடலாம்.”

“தடி ஜோரா வேலை செய்யுது.”

அவர் சிரித்துக்கொண்டே படியோரம் துழாவி, அங்கே கிடந்த அவளுடைய செருப்பைத் தடியால் அவள் பக்கம் தள்ளினார்.

“நாளைக்கும் பின்னாலயே வர்றதா இருந்தா இதைப் போட்டுக்கிட்டு வா. சத்தம் கேட்டா பரவாயில்லை. வெறுங்கால்ல கல்லு குத்தும்.”