தனி அறை

கூடத்தில் இருந்தவர்கள்: மகன், மருமகள், மகனின் மின்சார வண்டி, மூலையில் பெரியவர். வீட்டில் மரியாதையும் அந்த வரிசையில்தான்.

“சார்ஜர் இரைச்சல்ல தூங்க முடியலப்பா. எனக்குன்னு தனியா ஒரு இடம் குடேன்,” என்று பெரியவர் கேட்காத நாளில்லை.

ஒருநாள் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டிவிட்டு வந்த மகன் தேனாகப் பேசினான். “பின்பக்க ரூமை உங்களுக்கே ஒழிச்சிட்டேம்பா. ஃபேன்கூட மாட்டியாச்சு.”

பெரியவருக்குக் கண் கலங்கியது. பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் பின்னால் போனார்.

அறைக்குள் வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பேட்டரி வயிறு புடைத்து உப்பியிருந்தது.

“இதுவும் இங்கதானாடா?”

“உப்பின பேட்டரி வெடிச்சாலும் வெடிக்குமாம். மனுஷங்க இருக்கற இடத்துல வைக்கவே கூடாதுன்னு மெக்கானிக் கண்டிச்சு சொல்லிட்டாருப்பா.”

“அப்போ நான்?”

“நீங்கதான் துணைக்கு இருக்கீங்களே. வண்டியை எவனாவது தூக்கிட்டுப் போயிடப் போறான்,” என்றபடி மகன் வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டினான்.